மேலே போகாத செய்தி

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தாயார் சக்கிறீஸ்து வாசலில் எமக்காகக் காத்து நின்றார். நல்ல குடும்பம், நாம் நன்கு அறிந்த குடும்பம். மூத்த மகன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கணனித் துறையில் பட்டம் பெற்று, கொழும்பிலே ஒரு வெளிநாட்டு மென்பொருட் கம்பனியில் ஏழு வருடங்களாக வேலை செய்கின்றான். மணமாகி ஒரு குழந்தையும் உண்டு. வீட்டுக்கு வங்கிக் கடன் எடுத்திருக்கின்றான்.

“சுவாமி, அவன் வேலையை விடப்போறன் எண்டு நிக்கிறான். என்ன பிரச்சினை எண்டு கேட்டால் உங்களுக்கு விளங்காது அம்மா எண்டுறான். நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ.”

சம்பளம் போதாதா என்று கேட்டோம். சம்பளத்துக்குக் குறைவில்லை என்றார். பிறகு என்ன என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. “அவனுக்கு மேல இருக்கிற ஆளோட சரிவரேல்லையாம்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே மகன் எம்மோடு தொலைபேசியில் பேசினான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினான். அவன் சொன்னவற்றில் பெரும்பகுதி எந்தக் கந்தோரிலும் கேட்கக்கூடிய குறைகளே. கம்பனி ஒரு காலத்தில் பேரோடு இருந்தது. இப்போது வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருக்கின்றனர். தலைமையகம் வேறொரு நாட்டில். இந்தப் பிராந்தியத்துக்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்கின்றார். அவர் வேலை நடக்கும் இடத்துக்கு வருவதில்லை. அறிக்கைகளை மட்டும் கேட்பார். தலைமையகத்திலிருந்து யாராவது வரும்போது முன்னால் நிற்பார். தம்மைப் புகழ்பவர்களை உயர்த்துவார். கூட்டத்தில் உண்மை நிலையை எடுத்துச் சொன்ன இருவர் அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். அதன் பின்னர் கூட்டங்களில் எல்லோரும் தலையாட்டுகின்றார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தான். பிறகுதான் உண்மையான விடயத்துக்கு வந்தான். அவனுடைய குழு ஒரு வெளிநாட்டு வைத்தியசாலை நிருவாகத்துக்கு மருந்துக் களஞ்சியக் கணக்கை வைத்திருக்கும் மென்பொருளைச் செய்து வருகின்றது. வேலை குறைந்தது மூன்று மாதங்கள் பிந்தி நிற்கின்றது. செய்து முடித்த பகுதியும் ஒழுங்காகப் பரிசோதிக்கப்படவில்லை. ஆனால், காலாண்டு முடிவில் தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் எல்லாம் குறித்த காலத்தில் நடைபெறுகின்றது என்று எழுதி, அதில் அவனுடைய பெயரையும் போடும்படி பொறுப்பாளர் கேட்டிருக்கின்றார்.

“பாதர், கையெழுத்து வைக்கிறது பாவமோ? அல்லது வேலை எண்டால் இப்படித்தான் எண்டு விட்டிடலாமோ?”

நாம் உடனே விடை கூறவில்லை. அவன் கேட்டது அவனுடைய கேள்வி மட்டுமன்று என்று எமக்குப்பட்டது. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இத்தகைய கந்தோர்களில் இருக்கின்றார்கள். ஆகவே இதனைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

எமது வீடுகளில் ஒரு காலத்தில் நோக்கியா தொலைபேசி இல்லாத வீடு அரிது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 1100 என்ற சிறிய தொலைபேசியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் தலையில் ஒரு சிறு விளக்கு இருந்தது. மின்சாரம் நின்ற இரவுகளில் எத்தனை தாய்மார் அதன் வெளிச்சத்தில் சோறு பரிமாறியிருப்பார்கள்! உலகமெங்கும் இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்பனையான தொலைபேசி அது. நோக்கியா பின்லாந்து நாட்டுக் கம்பனி. 1865இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய அது பின்னர் உலகத்தின் தொலைபேசி வியாபாரத்தில் முதலிடத்துக்கு வந்தது. 2007இல் ஐபோன் வெளிவந்தபோது, கணனி போன்று இயங்கும் தொலைபேசிகளில் ஏறக்குறையச் சரிபாதி நோக்கியாவினுடையது. ஏழே ஆண்டுகளில், 2014 ஏப்ரலில், அதன் தொலைபேசிப் பகுதி முழுவதும் மைக்ரோசொப்ட் கம்பனியின் கைக்குப் போய்விட்டது.

என்ன நடந்தது? பலரும் பல காரணங்கள் சொல்வர். எமது சிந்தனைக்கு உரியது ஒன்று. நோக்கியாவின் தொலைபேசிகளை இயக்கிய மென்பொருளுக்குச் சிம்பியன் என்று பெயர். கைக்கு அடக்கமான சிறு கருவிகளில் நினைவாற்றல் மிகக் குறைவாயிருந்த தொண்ணூறுகளில் அதற்கு அடித்தளம் இடப்பட்டது. அக்காலத்துக்கு அது திறமான வேலை. ஆனால், விரலால் தொட்டு இயக்கும் பெரிய திரைகள் வந்த பின்னர் அது பழைய வீட்டுக்கு மேல்மாடி கட்டியதுபோல் ஆயிற்று. ஒரு சிறு மாற்றத்துக்கும் நெடுங்காலம் பிடித்தது. இது மென்பொருள் எழுதிய பொறியியலாளர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு மேலிருந்த நடுத்தர முகாமையாளர்களுக்கும் தெரியும். தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் அது தெரியவில்லை. அல்லது, தெரிந்தும் அதன் பாரம் உணரப்படவில்லை.

ரிமோ வுவோரி, குவி ஹுய் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதனைப்பற்றி ஓர் ஆய்வை 2016இல் வெளியிட்டார்கள். நோக்கியாவின் மேல்மட்டத்தினர், நடுமட்டத்தினர், பொறியியலாளர், வெளியார் என 76 பேரைச் செவ்வி கண்டு எழுதப்பட்ட ஆய்வு அது. அவர்கள் கண்டது இது: அந்தக் கம்பனியை அரித்தது பயம். மேலே இருந்தவர்கள் போட்டிக் கம்பனிகளுக்கும் பங்குதாரருக்கும் பயந்தார்கள். அந்தப் பயத்தில் கீழே இருந்தவர்களை நெருக்கினார்கள். நடுவில் இருந்தவர்கள் வெளியுலகத்துக்குப் பயப்படவில்லை. தங்களுக்கு மேலிருந்தவர்களின் கோபத்துக்கும், தங்கள் பதவி பறிபோய்விடும் என்பதற்குமே பயந்தார்கள். முடியாது என்று சொன்னவன் திறமையற்றவன், முடியும் என்று சொன்னவன் கெட்டிக்காரன் என்ற நிலை வந்தது. எனவே எல்லோரும் முடியும் என்றார்கள். அந்தச் சொல்லை நம்பி மேலிருந்தவர்கள் மேலும் அதிகமாகக் கேட்டார்கள். 2009இல் தங்கள் தலைசிறந்த கருவி என்று சொல்லி வெளியிட்ட என்97 தொலைபேசி, மென்பொருட் குறைபாடுகளால் வாங்கியவர்களைச் சலிப்படையச் செய்தது. அதற்கு முன்னரே எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. அமெரிக்க மக்கள் மடக்குத் தொலைபேசிகளை விரும்பிய 2004ஆம் ஆண்டளவில் நோக்கியா அதற்கு ஈடுகொடுக்கப் பிந்தி நின்றது. அந்தச் சந்தையை அது பின்னர் ஒருபோதும் முற்றாக மீட்கவில்லை.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதையில் கொடியவன் என்று விரல்நீட்டத்தக்க ஒருவனைக் காண்பது கடினம். களவு இல்லை; இலஞ்சம் இல்லை. ஒவ்வொருவனும் ஒரு கூட்டத்தில், ஒரு பிற்பகலில், ஒரு வாக்கியத்தை விழுங்கினான். அந்த வாக்கியங்களெல்லாம் ஒன்றுசேர்ந்தே ஒரு பெருங் கம்பனியை மூழ்கடிக்க உதவின.

இனி, குற்றம் யாருடையது என்ற கேள்வி. பொதுவாக நாம் பொய் சொன்னவனையே குற்றவாளி என்போம். அது சரியே, ஆனால் முழுவதும் சரியன்று. உண்மை சொல்வதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் தலைவனுடைய கையில் இருக்கின்றது. ஒரு கெட்ட செய்தியைக் கொண்டு வந்தவனைப் பத்துப் பேருக்கு முன் அவமதித்தால், அந்தப் பத்துப் பேருக்கும் உண்மையின் விலை அன்றே ஏறிவிடுகின்றது. பின்பு அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பொய்யிலும் அந்தத் தலைவனுக்குப் பங்கு உண்டு. அவர் அப்போது நித்திரையாயிருந்தாலும் பங்கு உண்டு. அவனவன் தன் சொல்லுக்குப் பொறுப்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

இதை எழுதும் எமக்கே இது சுடுகின்றது. எமது அச்சுக்கூடத்தில் ஒரு பெரியவர் நீண்ட காலம் வேலை செய்தார். ஒருமுறை வந்திறங்கிய கடதாசி ஈரலிப்பாக இருக்கின்றது என்று சொல்ல வந்தவரை, அவசரத்தில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, “உமக்கு இதைவிட வேறு வேலை இல்லையோ?” என்று கடிந்துவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் போனார். இரண்டு வருடங்களின் பின்னர், உயிர்ப்பு ஞாயிறு இதழ் அச்சேறிக்கொண்டிருந்தபோது, பெரிய புதன்கிழமையன்று இயந்திரத்தின் உருளை ஒன்று தேய்ந்து நின்றுவிட்டது. இதழ் அந்த ஞாயிறு வெளிவரவில்லை. உருளை தேய்வது முன்னமே தெரியாதா என்று அவரைக் கேட்டோம். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றோம். “சுவாமி கேக்கேல்லை” என்றார். அவரிடம் கோபம் இல்லை, உள்ளதைச் சொன்னார். இரண்டு வருடங்களாக அச்சுக்கூடத்தில் எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றது என்று நாம் எண்ணியிருந்தோம். குறைகள் ஒன்றும் எம் காதுக்கு வராததை எமது நிருவாகத் திறமைக்குச் சான்றாகக் கொண்டிருந்தோம்!

ஆகவே அந்தப் பிராந்தியப் பொறுப்பாளரைப்பற்றிக் கடுமையாக எழுத எமக்குக் கை வரவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கின்றார். மூன்று மாதத்துக்கொருமுறை அவரிடம் ஓர் இலக்கம் கேட்கப்படுகின்றது. விற்கும் பொருளை அவர் தீர்மானிப்பதில்லை, விலையையும் தீர்மானிப்பதில்லை, ஆட்களைக் கூட்டவும் அதிகாரம் இல்லை. இலக்கத்துக்கு மட்டும் அவரே பொறுப்பு. கம்பனி வளரும் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். தேயும் காலத்தில் அவர்களுக்கு இரண்டு வழிகளே எஞ்சும்: ஒன்றில், மேலே போய் “இந்த இலக்கம் வராது” என்று சொல்ல வேண்டும், அல்லது, கீழே வந்து அந்த இலக்கத்தை எழுதித் தரும்படி யாரையாவது வற்புறுத்த வேண்டும். முதல் வழிக்குத் துணிவு வேண்டும். இரண்டாவதற்கு அதிகாரம் மாத்திரம் போதும். பெரும்பாலான மனிதரிடம் முன்னதைவிடப் பின்னதே தாராளமாக இருக்கின்றது.

ஆயினும் இரக்கம் வேறு, நியாயம் வேறு. அந்த மனிதருடைய நெருக்கடி அவருடைய கட்டளையை நீதியானதாக ஆக்கிவிடாது.

இங்கே கீழ்ப்படிவைப்பற்றி ஒரு வார்த்தை. எமது சமூகத்தில் பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று பிள்ளைகளைப் பழக்குகின்றோம். நல்ல பழக்கமே. ஆனால் அந்தப் பழக்கம், மேலிருப்பவர் தவறும்போது வாய் திறப்பதே மரியாதைக் குறைவு என்ற எண்ணமாக மாறிவிடுகின்றது. புனித தோமஸ் அக்குவைனாஸ் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்து ஆராய்ந்திருக்கின்றார்: தனக்கு மேலான ஒருவரைத் திருத்துவதற்கு ஒருவன் கடமைப்பட்டவனா? ஆம் என்பது அவருடைய முடிவு. தண்டித்துத் திருத்துவது அதிகாரியின் வேலை. ஆனால் அன்பினால் எடுத்துரைத்துத் திருத்துவது எவருக்கும் உரிய கடமை. மேலதிகாரியும் அந்த அன்புக்கு உரியவரே. அதைத் தனிமையிலும் மரியாதையோடும் செய்ய வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. அந்தியோக்கியாவில் புனித சின்னப்பர் புனித இராயப்பரையே முகத்துக்கு முன் எதிர்த்துநின்ற சம்பவத்தையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. அவர் உண்மையைத் தாங்கமாட்டார் என்று தீர்மானித்து, அவரைச் சிறுபிள்ளையாக நடத்துவதே அது.

தேநீர் வேளையில் நடப்பது வேறு. மென்பொருட் கந்தோராயினும் கச்சேரியாயினும் பாடசாலை ஆசிரியர் அறையாயினும் (குருமார் கூடும் இடமாயினும் என்றும் சேர்த்துக்கொள்வோம்) மேலதிகாரியைக் கிழித்து வைப்பதில் ஒரு சுகம் இருக்கின்றது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். நெஞ்சு சற்று இலேசாகும். அந்த இலேசில், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற மயக்கமும் வந்துவிடும். முறுமுறுப்பு உண்மையைப் பத்துப் பேருக்குச் சொல்லும். கேட்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் சொல்லாது. அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, “அதுக்கெண்டே எங்களிட்ட ஒரு வட்ஸ்அப் குறூப் இருக்கு பாதர்” என்றான்.

ஆனால் கோபமே தவறு என்று நாம் சொல்லவில்லை. நியாயமான காரணம் இருக்கும்போது சிறிதும் கோபம் வராத மனிதனிடத்தில் ஏதோ குறை இருக்கின்றது என்றும் அதே தோமஸ் அக்குவைனாஸ் எழுதியிருக்கின்றார். பொறுமை என்ற பெயரில் பல வேளைகளில் நாம் வளர்ப்பது சோம்பலும் அக்கறையின்மையுமே. அந்த இளைஞனை வாட்டியது என்ன என்று எண்ணிப் பார்க்கின்றோம். தாயார் நினைத்ததுபோல் மேலிருப்பவரோடு ஒத்துப்போகாமை மட்டும் அன்று. தான் நன்றாகச் செய்யக்கூடிய வேலையை நன்றாகச் செய்ய விடுகின்றார்களில்லை என்பதே அவனுடைய நோவு. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப்பற்றி எழுதிய சுற்றுமடலில் இந்த நோவைக் குறிப்பிடுகின்றார். எல்லாவற்றையும் தூரத்திலிருந்து சிலர் தீர்மானிக்கும் அமைப்பிலே, தொழிலாளி தன்னை மேலிருந்து ஆட்டப்படும் ஒரு பெரிய இயந்திரத்தின் சிறு பல்லாகவே உணர்கின்றான். கூலி ஒழுங்காகக் கிடைத்தாலும் அவன் தனக்குரிய ஒன்றை இழக்கின்றான் என்பது அவருடைய கருத்து. ஆலைத் தொழிலாளரை மனதில் வைத்து எழுதிய காலம் அது. குளிரூட்டிய அறையில் நல்ல சம்பளத்தோடு இருக்கும் எமது பிள்ளைகளுக்கும் அது பொருந்துகின்றது.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருவோம்.

ஒழுக்க இயலில் ஒரு வேறுபாடு உண்டு. குருமடத்தில் படித்த காலத்தில் அது வெறும் பாடமாகத் தோன்றிற்று, பின்னர்தான் அதன் உதவி விளங்கிற்று. “செய்யாதே” என்ற கட்டளைகள் எப்போதும், எந்த நிலையிலும் கட்டுப்படுத்தும். “செய்” என்ற கட்டளைகள் காலமும் இடமும் பயனும் பார்த்துக் கட்டுப்படுத்தும். பொய் சொல்லாதே என்பது முதல் வகை. தவறுபவனைத் திருத்து என்பது இரண்டாவது வகை. ஆகவே, அந்தப் பையன் பொறுப்பாளரைத் திருத்தியே ஆகவேண்டும் என்று எவரும் அவன்மீது சுமத்த முடியாது. பேசிப் பயனில்லை, தனக்குக் கேடுமட்டுமே வரும் என்று நேர்மையாகக் கண்டால் அவன் மௌனமாக இருக்கலாம். வீரம் எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. வங்கிக் கடனும் கைக்குழந்தையும் உள்ளவனிடம் அதை நாம் இலகுவாகக் கேட்டுவிடவும் கூடாது. ஆனால், நடக்காததை நடந்தது என்று தன் பெயரோடு எழுதிக்கொடுப்பது மௌனம் அன்று. அது பேச்சு. அங்கே கடனைக் காரணம் காட்ட முடியாது.

பிறருடைய தவற்றில் மனம் ஒப்பிப் பங்குகொள்வதும், மனம் ஒப்பாமல் கையால் மட்டும் உதவும்படி ஆவதும் ஒன்றன்று என்றும் படித்தோம். அவன் எழுதிய மென்பொருளைப் பொறுப்பாளர் தவறாக விபரித்து விற்றால், அதற்காக அவன் மென்பொருள் எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. அறிக்கையைத் தட்டச்சுச் செய்து கொடுக்கும் எழுதுவினைஞரும் அதன் பொய்க்குப் பெரிதும் பொறுப்பாக மாட்டார். ஆனால் ஒரு பொறியியலாளனுடைய பெயர் அறிக்கையில் ஏன் கேட்கப்படுகின்றது? அவன் சொன்னால் நம்புவார்கள் என்பதற்காகவே. கேட்கப்படுவது அவனுடைய கை அன்று, அவனுடைய நம்பிக்கைத்தன்மை. அதைக் கொடுத்தபின் “என் மனம் ஒப்பவில்லை” என்று சொல்வதற்குப் பொருள் இல்லை.

இன்னொரு கேள்வியையும் அவனிடம் கேட்டோம்: இந்தப் பொய்யின் கணக்கை யார் கட்டப்போகின்றார்கள்? கம்பனியின் பங்குதாரர் என்றால் அது ஒரு விதம். இங்கேயோ, பரிசோதிக்கப்படாத கணக்கை நம்பி ஒரு தாதி மருந்து அலுமாரியைத் திறக்கப்போகின்றாள். அவன் மறுமுனையில் நீண்ட நேரம் பேசவில்லை.

பொறுப்பாளரைத் தாண்டித் தலைமையகத்துக்கு எழுதலாமா என்றும் கேட்டான். அது காட்டிக்கொடுப்பதாகாதா என்ற பயம் அவனுக்கு. எமது கருத்தை ஒளிக்காமல் சொன்னோம். தன் பதவி உயர்வு தடைப்பட்டதற்காக, தன் மானம் புண்பட்டதற்காக ஒருவன் மேலே எழுதுவானாயின் அவன் தன்னுடைய நோக்கத்தை மிகவும் சோதிக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு, அதுவும் ஒன்றும் அறியாத நோயாளிக்குக் கேடு வரும் என்று கண்டால், முதலில் பொறுப்பாளரிடம் தனியே, எழுத்தில், சொல்ல வேண்டும். அவர் கேளாவிட்டால் அவருக்கு மேலே போவது துரோகம் அன்று. அவருடைய அதிகாரம் அவருடைய சொந்தச் சொத்தன்று. கொடுத்தவர்கள் அறிய வேண்டியதை மறைப்பதற்காக அது கொடுக்கப்படவில்லை.

உண்மையைச் சொல்வதற்கும் ஒரு காலம் இருக்கின்றது என்பதை நோக்கியாவின் கதை மீண்டும் காட்டுகின்றது. 2010 செப்டெம்பரில் ஸ்ரீபன் ஈலொப் என்பவர் அங்கே தலைமைப் பொறுப்பேற்றார். 2011 பெப்ரவரியில் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், எரியும் எண்ணெய் மேடையில் நின்று குளிர்கடலில் குதிக்க வேண்டியவனுடைய நிலையில் நாம் இருக்கின்றோம் என்று பொருள்பட எழுதினார். ஐந்து வருடங்களாக எவரும் மேலே சொல்லாத உண்மையை அவர் மேலிருந்து கீழே சொன்னார். கடிதம் உலகமெங்கும் பரவியது. அதே மாதத்தில், மைக்ரோசொப்டின் மென்பொருளுக்கு மாறுவதாகவும் அறிவித்தார். புதிய தொலைபேசி கைக்கு வருமுன்னரே பழையதைச் செத்தது என்று சொன்னால் கடைக்காரன் எதை விற்பான்? விற்பனை விழுந்தது. ஏப்ரலில், 4000 பேர் வேலை இழப்பர் என்றும் சிம்பியனில் வேலை செய்த 3000 பேர் வேறொரு கம்பனிக்கு மாற்றப்படுவர் என்றும் அறிவித்தார்கள். உரிய காலத்தில் சிறிது சிறிதாகச் சொல்லப்பட்டிருந்தால் மருந்தாயிருக்கக்கூடிய உண்மை, பிந்தி ஒரேயடியாக வந்தபோது வெள்ளமாயிற்று.

யார் யாரோ செய்த மௌனத்துக்கு எங்கோ இருந்தவர்கள் கட்டணம் செலுத்தினார்கள். பின்லாந்திலே சலோ என்ற சிறு பட்டணம் நோக்கியாத் தொழிற்சாலையை நம்பியே வாழ்ந்தது. 2012இல் அது மூடப்பட்டது. தமிழ்நாட்டில், சென்னைக்கு அண்மையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறக்கப்பட்ட தொழிற்சாலையில், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்தார்கள். பல குடும்பங்களில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் அந்தப் பிள்ளைதான். 2014 நவெம்பர் 1ஆம் திகதி அங்கே உற்பத்தி நின்றது. வரி வழக்கொன்றும் அதற்குக் காரணமாக இருந்தது. ஆயினும் கம்பனி தன் நல்ல நாட்களில் இருந்திருந்தால் அந்த வழக்கு அவ்வளவு தூரம் அவர்களைத் தாக்கியிராது என்பதே எமது எண்ணம். எஸ்பூ நகரத்துக் கூட்டமொன்றில் எவன் எதை விழுங்கினான் என்று அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்?

நீதியின்பொருட்டு இதையும் சொல்ல வேண்டும். 2008இல் ஜேர்மனியிலுள்ள போகும் நகரத் தொழிற்சாலையை மூடி அங்கிருந்த 2300 பேரை வீட்டுக்கு அனுப்பியபோது நோக்கியா பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்த அனுபவத்தின் பின்னர், 2011 தொடக்கம், வேலை இழப்போருக்கு வேறு தொழில் தேடவும், பயிற்சி பெறவும், சொந்தமாகத் தொழில் தொடங்க முதல் பெறவும் ஒரு திட்டத்தை அது நடத்தியது. சிம்பியனில் பழகிய பலர் அவ்வாறு சிறு கம்பனிகளைத் தொடங்கினார்கள். தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு நிறுவனமும் தன் ஊழியரை மனிதராக நடத்த முடியும் என்பதற்கு அது சான்று.

வேலையை விடுவதைப்பற்றியும் அந்த இளைஞன் கேட்டான். ஏழு வருடம் சோறு போட்ட இடத்தை அதன் இறங்குகாலத்தில் விட்டு ஓடுவது நன்றியீனமா என்று கேட்டான். இப்படிக் கேட்கும் பிள்ளையைப் பெற்ற தாய் பாக்கியவதி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டோம். கம்பனிகள் இப்போது தங்களைக் குடும்பம் என்று அழைத்துக்கொள்கின்றன. குடும்பம் ஆட்குறைப்புச் செய்வதில்லை. உழைப்புக்குக் கூலி, கூலிக்கு நேர்மையான உழைப்பு. அதற்கு அப்பாலுள்ள நன்றி உடன் வேலை செய்தவர்களுக்கும் வாடிக்கையாளருக்கும் உரியது. முன்னறிவித்தல் கொடுத்து, கையிலுள்ள வேலையை அடுத்தவருக்கு ஒழுங்காக விளக்கிக் கையளித்து, விலகிப்போவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால், திறமையுள்ளவர்கள் விலகிப் போய்க்கொண்டிருக்க, போக்கிடமில்லாதவர்கள் பொய் அறிக்கைகளோடு பின்தங்குகின்றார்கள். அந்த எண்ணமும் போகிறவனுக்கு இருக்க வேண்டும். இதற்கு எம்மிடம் முடிந்த முடிபு ஒன்றும் இல்லை.

சென்ற வாரம் தாயார் மறுபடியும் வந்தார். மகன் பொறுப்பாளரிடம் தனியே போய்ப் பேசினானாம். உண்மையான திகதிகளைப் போட்டு வேறோர் அறிக்கையை எழுதி, அதில் மட்டும் தன் பெயரைப் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தானாம். பொறுப்பாளர் சத்தம் போடவில்லை. வாங்கி மேசையில் வைத்துவிட்டு, போகலாம் என்றாராம். இரண்டு நாட்களின் பின்னர் பழைய அறிக்கையே தலைமையகத்துக்குப் போயிருக்கின்றது. அதில் அவனுக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் பையனுடைய பெயர் இருந்தது. அந்தப் பையனுக்கு வருகிற தை மாதம் கலியாணமாம்.

“இவன் இப்ப தலைமையகத்துக்கு எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறான் சுவாமி. எழுதினால் அந்தப் பிள்ளையின்ர பேரும் அடிபடுமாம்.”

இன்று இரவு அவனோடு பேசுவதாகச் சொல்லி அனுப்பினோம்.